காரணம் எழுதும் கட்டம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மெதுவாகத்தான் படிப்பாய். எழுத்துக்கூட்டும்போது உன் உதடு அசையும் என்பதும் எனக்குத் தெரியும். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி உனக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. இங்கிலீஷில் எழுதியிருந்தால் ஆபீஸ் மெயிலைப் படிப்பதுபோல ஒரே நிமிஷத்தில் ஓட்டிவிட்டு “ஓகே மா” என்று பதில் போட்டிருப்பாய். இது அப்படிப் படிக்கவேண்டிய விஷயம் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் அதிகம் எழுதவேண்டாம் என்றார். பெரிய எழுத்தாக எழுதினால் பரவாயில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நாளை காலை அப்பா இங்கே கட்கியிலிருந்து பஸ் பிடித்து, நீ வேலை செய்யும் சாகணுக்கு வந்து, இதை உன் கையிலேயே கொடுப்பார்.

போன ஞாயிறு நீ வந்திருந்தாய். சாப்பிட்டு முடித்து, கை காயும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். ஃபாக்டரியில் ஷாப் ஃப்ளோருக்கு நீதான் இனி பொறுப்பு என்று சொன்னபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். டிசம்பரில் கல்யாணம், அதற்குமுன் இந்தப் பதவி. அப்பா உன் தோளைத் தட்டினார். அதன்பிறகுதான் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

“பதினாலு பேர்மா. எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க. மழைல ஆறு நாள் ஆப்சென்ட். முன்னாடியே சொல்லல. சிஸ்டமே ரெட் காட்டுது. அடுத்த திங்கள் லிஸ்ட் போகணும், நான் சைன் பண்ணா போதும். ரின்யூ ஆகாது.”

“காரணம் ஒண்ணும் சொல்லலையா?” என்று அப்பா கேட்டார்.

“சொன்னாங்கப்பா. அதுதான் காமெடி. பதினாலு பேருக்கும் ஒரே நம்பர்லேர்ந்து மெசேஜ். ஒரே வார்த்தை. ‘கர் மே பானி ஆ கயா.’ கட் பேஸ்ட். பொய் சொல்றதுலகூட சோம்பேறித்தனம் பாரு.”

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதான் அந்தச் செய்தி. அந்தப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் யாரும் அதை நிரப்புவதில்லை என்றும் சொன்னாய். பிறகு சிரித்துக்கொண்டே, “அட்டெண்டன்ஸ் விஷயத்துல நான் உன் பையன்மா. எல்லாம் உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்” என்றாய். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மோர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குள் போனேன். திரும்பி வர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. மோர் கலக்க அவ்வளவு நேரமா என்று நீ கேட்கக்கூட இல்லை.

நீ என்னிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்பதை நான் உனக்குச் சரியாகச் சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தினேன். அதில் பாதி வருஷங்கள் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. என் வருகைப் பதிவேடு பள்ளியிலேயே சுத்தமானது என்று பெயர். வெற்றுக் கட்டம் இருக்காது, அடித்தல் திருத்தல் இருக்காது. வந்தவருக்கு நீல மையில் ஒரு கோடு, வராதவருக்குச் சிவப்பில் ஒரு எழுத்து. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே தொகை வரும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் ஒருமுறை மற்ற டீச்சர்களைக் கூப்பிட்டு என் பதிவேட்டைக் காட்டினார். அன்று உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். நீ நாலாம் வகுப்பில் இருந்தாய். ஞாபகம் இருக்காது.

அந்த வருஷம்தான் மூளா ஆற்றில் தண்ணீர் ஏறியது. மேலே மழை கொட்டி, அணையைத் திறந்து, ஒரு பகலுக்குள் கட்கியின் பள்ளமான பகுதிகளுக்குள் தண்ணீர் நுழைந்துவிட்டது. நாம் மூன்றாம் மாடி. நமக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை, துணி காயவில்லை, பால் பாக்கெட் வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளி திறந்தது. நான் போனேன். பாடம் என்ன தெரியுமா? தென்மேற்குப் பருவக்காற்று. கரும்பலகையில் மலைத்தொடரை வரைந்து, கடலிலிருந்து வரும் காற்றுக்கு அம்புக்குறி போட்டு, மலைக்கு அந்தப்பக்கம் ஏன் மழை அதிகம், இந்தப்பக்கம் புனேயில் ஏன் அளவான மழை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. லதா என்ற பெண்ணின் இடம். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு எழுத்துப் போட்டுவிட்டு அம்புக்குறிக்குத் திரும்பிப் போனேன்.

பதினோரு நாள் அவள் வரவில்லை. வந்தபிறகும் அவ்வப்போது நின்றாள். பிப்ரவரியில் பரீட்சைக்கு அனுப்பக்கூடிய பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்தபோது, அவளுக்கு வருகை சில நாட்கள் குறைந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “விசேஷக் காரணம் ஏதாவது இருந்தா எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. நான் அதில், காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று எழுதினேன். விடுப்புக் கடிதம் கொண்டுவராத பிள்ளைக்குச் சலுகை காட்டினால், கொண்டுவந்த பிள்ளைகளுக்கு அது அநியாயம் என்பது என் கொள்கை. லதா அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருஷம் எழுதலாம் என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த வருஷம் அவள் வரவில்லை. அவளோடு படித்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது பக்கத்தில் லோஹேகாவில் டீச்சர். லதாவைவிட ஒரு மார்க்காவது குறைவாகவே வாங்கிக்கொண்டிருந்த பெண்.

லதா யார் என்று உனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிரே வண்டியில் இட்லி விற்கிறாளே, நீ இட்லி அக்கா என்று கூப்பிடுவாயே, சட்னி கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுவாள் என்று சொல்வாயே, அவள்தான். பல வருஷமாக அங்கே நிற்கிறாள். ஒருநாள்கூட நான் போய் வாங்கியதில்லை. முதலில் உன்னை அனுப்பினேன், நீ போனபிறகு அப்பாவை அனுப்புகிறேன். முட்டி வலி என்று சொல்லிக்கொண்டேன். சர்ச்சுக்கு அதே வழியாகத்தான் நடந்து போகிறேன், எதிர்ப்பக்க நடைபாதையில்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்களில் நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. மழை எல்லார் மேலும் ஒன்றுபோலத்தான் பெய்கிறது என்று உண்மையாகவே நம்பினேன். வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு பெய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மொத்தம் யாரையும் மூழ்கடிப்பதில்லை. ஒரு வாளித் தண்ணீரைச் செடிக்கு வாரம் முழுக்கக் குவளை குவளையாக ஊற்றலாம், அல்லது ஒரே வீச்சில் கவிழ்க்கலாம். வாளி ஒன்றுதான். இரண்டாவது முறையில் செடி மண்ணோடு வந்துவிடும். இப்போது மழை அப்படிக் கவிழ்க்கிறது. புனேயின் மிதமான தட்பவெப்பம் பற்றிக் குறிப்பு எழுதுக என்று முப்பத்திரண்டு வருஷம் கேள்வி கேட்டேன். இந்த ஏப்ரலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அந்தக் கேள்விக்கு நானே என்ன பதில் எழுதுவேன் என்று யோசித்தேன். மே மாதத்தில் ஜூலை போலப் பெய்தது. பூமி சூடேற ஏற இதெல்லாம் நடக்கும் என்று பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு எப்போதும் நேரம் போதாது. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவோம்.

உன்னிடம் வேலை செய்கிறவர்களில் பலர் பீட், லாத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். ஏன் வந்தார்கள் என்று கேட்டேன். மழை இல்லை, போர்வெல்லில் தண்ணீர் இல்லை, ஒரு வருஷம் விளைந்தபோது அறுவடைக்கு முன்னால் ஆலங்கட்டி விழுந்தது என்றாய். யோசித்துப் பார். மழை வராததால் நிலத்தை விட்டு வந்தவர்கள், வாடகை குறைவு என்று, நீ சொன்ன அந்த ஓடைப் பக்கத்து ஒரே வரிசைத் தகரக் கூரை அறைகளில் குடியிருக்கிறார்கள். இப்போது அந்த அறைக்குள் மழை வருகிறது. அவர்களை முதலில் ஊரிலிருந்து துரத்தியதும், இப்போது வேலையிலிருந்து துரத்தப்போவதும் முறை தப்பிப்போன அதே மழைதான். இரண்டாவது முறை அதற்கு உன் கையெழுத்து தேவைப்படுகிறது.

நிலையான வாழ்க்கை என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் ஒரு அளவைத்தான் சொல்வேன். வேலைக்குப் போகாமல், கீழே விழாமல் எத்தனை நாள் நிற்கமுடியும் என்பதுதான் அது. அப்பாவுக்கு டைபாய்டு வந்தபோது ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. ஃபாக்டரியில் சம்பளம் பிடிக்கவில்லை. நமக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ ஸ்கூலுக்குப் போனாய். உன்னால் இப்போது இரண்டு மாதம் நிற்கமுடியும். உன் பட்டியலில் இருப்பவரால் ஆறு நாள் நிற்கமுடிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். ஏழாவது நாள் ஓடிவந்திருப்பார்கள். வந்து பார்த்தால் சிஸ்டத்தில் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை காலை நான் லதாவின் வண்டிக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. தூறல். குடையை வண்டிக் கம்பியில் கட்டிவைத்திருந்தாள். ஷிஃப்டு முடிந்து வந்த இரண்டு பேர் நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா டீச்சர், நீங்களே வந்துட்டீங்க? சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அவர் நல்லா இருக்கார். நான்தான் வந்தேன்.”

அவள் அந்த இரண்டு பேரைப் பார்த்து, “இவங்க எங்க க்ளாஸ் டீச்சர். நிமிந்து நின்னு துண்ணுங்க, கூன் போட்டா அடிப்பாங்க” என்றாள். அவர்களில் ஒருவர் உண்மையாகவே நிமிர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. அவர்கள் போகும்வரை நின்றேன்.

“வியாபாரம் எப்படி லதா?”

“இன்னாத்த சொல்றது. வெயில்னா காலைலயே மாவு பொங்கி புளிச்சிப் போவுது. அத இட்லி ஊத்தினா நம்ப கஸ்டமர் மூஞ்சியச் சுளிக்கிறான். மழைன்னா கஸ்டமரே வர்றதில்ல. போன தடவ தண்ணி வந்தப்ப கிரைண்டர மேல தூக்கி வெச்சேன், மோட்டார் தப்பிச்சிது. எங்கம்மா காலத்துல ஒரே ஒரு வாட்டி வந்துச்சி. இப்ப வருசா வருசம் மூட்ட கட்டி வெச்சிக்கினு உக்காந்துனுகிறோம்.”

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அந்தப் பதினோரு நாள், சிவப்பு எழுத்து, பிப்ரவரிப் பட்டியல், நான் நிரப்பிய கட்டம். “நீ ஒரு லெட்டர் கொண்டுவந்திருந்தா நான் எழுதியிருப்பேன். கேட்டு வாங்கியிருக்கணும். அது என் தப்பு, லதா. இத்தனை வருஷம் கழிச்சு சொல்றேன்” என்றேன்.

அவள் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “அன்னிக்கு நீங்க எங்க வூட்டாண்ட வந்து பேரு கூப்ட்டு ஹாஜிரி எட்த்திருந்தா, தண்ணிதான் எஸ் டீச்சர்னு சொல்லியிருக்கும்” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “ஆனா டீச்சர், லெட்டர் நான் கொண்டாந்தேனே” என்றாள்.

“எந்த லெட்டர்?” என்றேன்.

“கொண்டாந்தேன். எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. நைனா ஆஸ்பத்திரில. நானே எழுதி, அம்மாகிட்ட ரேகை வாங்கி, கொண்டாந்து உங்க டேபிள் மேல வெச்சேன். நீங்க பாத்துட்டு, இது உன் கையெழுத்துதானேன்னீங்க. ஆமா டீச்சர்ன்னேன். நீயே உனக்கு லீவு லெட்டர் எழுதிக்குவியா, பெரியவங்ககிட்ட வாங்கிட்டு வான்னு திருப்பிக் குட்த்துட்டீங்க. எங்க வூட்ல எழுதத் தெரிஞ்ச பெரியவங்க யாரு? நான்தான்.”

தம்பி, இது எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருஷமும் அவள் கடிதம் கொண்டுவரவில்லை என்றே நம்பியிருந்தேன். அதற்காகவே மனம் உறுத்தியது. அதற்காகவே மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கொண்டுவந்திருக்கிறாள். ஐம்பது பிள்ளைகளின் எழுத்தையும் பெயர் பார்க்காமலே அடையாளம் சொல்வேன் என்று பெருமைப்பட்டவள் நான். அந்தப் பெருமையால்தான் அவளுடைய சாய்ந்த எழுத்தை உடனே கண்டுபிடித்தேன், பொய் என்று முடிவு கட்டினேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று படித்தேனா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. யார் எழுதியது என்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். “வுடுங்க டீச்சர். படிச்சிருந்தா மட்டும் நான் கலெக்டரா ஆயிருப்பேன்? நீங்க அழுதா மாவு புளிக்காம இருக்குமா?” என்றாள். பிறகு, எனக்காகச் சொல்வதுபோல இல்லாமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒரே ஒரு தபா யாராச்சும் வந்து பாத்திருந்தா போதும் டீச்சர். லெட்டரே வேணாம். செவுத்துல இந்த ஒசரத்துக்கு சேறு இருந்துச்சி.” கையைத் தன் தோளுக்கு நேரே வைத்துக் காட்டினாள். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்ல வைப்பது சரியில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உன் பதினாலு மெசேஜ்கள் எனக்கு விளங்கின. ஒரே நம்பர், ஒரே வார்த்தை. நீ அதில் சோம்பேறித்தனத்தைப் பார்த்தாய். அவர்கள் எல்லாரும் ஒரே வரிசை அறைகளில் இருப்பவர்கள் என்று நீதானே சொன்னாய். தண்ணீர் ஏறினால் கரண்ட் போகும். பதினாலு போனில் ஒன்றில்தான் சார்ஜ் மிச்சம் இருந்திருக்கும், அல்லது ஒன்றுதான் நனையாமல் இருந்திருக்கும். அதை வைத்திருந்தவர் எல்லாருக்காகவும் அனுப்பியிருப்பார். எல்லாருக்கும் நடந்தது ஒன்றுதான் என்பதால் வார்த்தையும் ஒன்றாக இருந்திருக்கும். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அதில் இரண்டு பேர் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அன்று ஒரே கையெழுத்தைப் பார்த்து நான் செய்ததை, இன்று ஒரே நம்பரைப் பார்த்து நீ செய்யப்போகிறாய். என்னிடம் கற்றுக்கொண்டதுதான் என்றாயே, ஆமாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் கஷ்டமும் எனக்குத் தெரிகிறது. பதவிக்கு இப்போதுதான் வந்திருக்கிறாய். மேலே இருப்பவர் ஏன் பட்டியல் குறைந்தது என்று கேட்பார். ஆறு நாள் ப்ரொடக்ஷன் லைன் நின்றதற்கு நீதான் பதில் சொன்னாய். டிசம்பரில் கல்யாணம், புது வீடு என்று உனக்கும் பயம் இருக்கும். நல்லவனாக இரு என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஆகவே உன்னைச் சண்டை போடச் சொல்லவில்லை. பதினாலு பேரையும் காப்பாற்று என்றும் சொல்லவில்லை. யாரும் நிரப்புவதில்லை என்றாயே அந்தக் கட்டம், அதை நிரப்பு. ஆனால் கேட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது. நீ பார்த்து எழுதியதை மேலே இருப்பவர்கள் ஒதுக்கிவிட்டால் அது அவர்களுடைய கையெழுத்து. உன்னுடையது சுத்தமாக இருக்கும். நான் பதிவேட்டில் தேடிய சுத்தத்தைச் சொல்லவில்லை.

இனி இந்த மழை குறையப்போவதில்லை. அடுத்த வருஷமும் இதே பட்டியல் உன் மேஜைக்கு வரும், வேறு பெயர்களோடு. வெயில் காலத்தில் இன்னொன்று வரும், தகரத்துக்குக் கீழே தூங்கமுடியாமல் மயங்கி விழுந்தவர்களின் பெயர்களோடு. இதெல்லாம் விதிமுறையில் என்றாவது ஏறும். ஏறுவதற்கு உன்னைப்போல ஒருவர் எழுதிவைத்த பழைய தாள்கள் வேண்டும். அதுவரை விதிமுறைக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது நீ ஒருவன்தான். உனக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவளுக்குத் தமிழ் வராது, நீ படித்துச் சொல். மாமியார் எப்படிப்பட்டவள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

பட்டியல் திங்கட்கிழமை போகவேண்டும். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. இந்த ஞாயிறு வீட்டுக்கு வராதே, அந்த ஓடைப் பக்கத்து அறைகளுக்குப் போ. கம்பெனி வண்டியில் போகாதே, ஐ.டி. கார்டைக் கழற்றிப் பையில் வை. பழைய செருப்பு போட்டுக்கொள், சேறு இன்னும் காய்ந்திருக்காது. பதினாலு பேரையும் ஒரே நாளில் பார்க்கமுடியாவிட்டாலும் பரவாயில்லை, நாலு அறைக்குள் போய்ச் சுவரைப் பார். முதலில் அவர்கள் பயந்துபோவார்கள், நின்றுகொண்டே பேசுவார்கள். நீ உட்கார். யாராவது பக்கத்து அறையிலிருந்து பால் கடன் வாங்கி டீ போடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே, குடித்து முடித்துவிட்டு எழுந்திரு.

அன்புடன்,
அம்மா